விளக்குக்கரி

1974 ஐப்பசி 6, இரவு

நித்திரை வரவில்லை.

படம் கீறும் நாங்கள் நாலு பேர் ஒரே கொப்பியைக் கிழமைக்கு ஒருத்தியாக வைத்திருக்கிறோம். கொப்பி கையில் இருப்பவள் மற்றவளின் பக்கத்தின் மேலும் கீறலாம், ஒட்டலாம், மறைக்கலாம். கேட்கத் தேவையில்லை. அந்த விதியை வைத்ததே நான்தான்.

எங்களில் ஒருத்தியான மயிலிட்டித் திலகம் ஒரு நீலச் சாரத்துண்டை ஒட்டி, ஓரத்தை வலைநூலால் தைத்திருந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத அவளுடைய அண்ணை இடுப்பில் கட்டிவந்த சாரம் என்று, எங்களில் இன்னொருத்தியான புஷ்பம் என்னிடம் முதலே சொல்லியிருந்தாள். கொப்பியிலேயே அதுதான் நல்ல பக்கம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பசையில் விளக்குக்கரியைக் குழைத்து முழுவதும் பூசிவிட்டேன்.

இன்று உடுவிலில், புஷ்பம் வீட்டில் கூடினோம். திலகம் அந்தக் கறுப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

“தெரிஞ்சுதானே பூசினீங்கள், அக்கா?”

“விதி எல்லாருக்கும் ஒண்டுதான்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இப்போது தூங்கியிருப்பேன். கொப்பியைப் புரட்டி என் பக்கத்தில் நிறுத்தினாள். செம்மண் குழம்பில் தோய்த்துப் பதித்த, என் மகளின் சின்னக் கை.

“மகள் இருந்தால் இப்ப எத்தினை வயசு?”

அவளிடம் நான் மகளைப் பற்றிக் கதைத்ததே இல்லை. புஷ்பம் தன் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திலகம் கொப்பியைப் பைக்குள் வைத்தாள். “இந்தக் கிழமை என்ரை முறை. கரிக்கு நான் அலையத் தேவையில்லை. எங்கடை வீட்டிலையும் விளக்கு எரியுதுதானே, அக்கா.”

மகளை ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அந்தக் கை ஒன்றுதான்.