கறுப்புத் துணியை என் தலையில் போட்ட நாள்

இன்று காலை பேத்தி குளிர்பெட்டியைத் துடைக்க வினிகர் பாட்டிலைத் திறந்தாள். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் நான் மலைமேல் செம்மேட்டில் நாம் இருந்த அறைக்குப் போய்விட்டேன். கம்பளியால் அடைத்த சன்னல், சிவப்பு விளக்கு, அதே நெடி வீசும் மருந்தில் நான் படம் கழுவும் தட்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நீங்கள். உங்களுக்கு எழுத வேண்டும்போல் இருந்தது. எழுதுகிறேன்.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலைக்கு நல்ல சாலை வராத காலம். சேலத்து ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு, "மேல ஒரு படக்காரனும் இல்ல அம்மிணி, நாமதான் முதல்" என்று சொல்லி என்னை நடத்தியே கூட்டி வந்தீர்கள். காமிராப் பெட்டி உங்கள் தலையில், படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் வைக்கோல் சுற்றி என் கூடையில்.

சந்தையில் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரையைக் கட்டினீர்கள். நான்கு சந்தை போயிற்று. ஒருவர்கூட வந்து நிற்கவில்லை. ஆண்கள் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பெண்கள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். நான்காவது சந்தையன்று கஞ்சி குடிக்கும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த வாரமும் பாத்துட்டுக் கீழ எறங்கிரலாம்" என்றீர்கள். இறங்கினால் பழைய முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஐந்தாவது சந்தையில் அந்த அம்மாள் வந்தார். வாழவந்தி நாட்டுக்காரர்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மிளகை விற்றுவிட்டு, வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே உங்கள் முன்னால் நின்றார்.

"ஏனுங்க படக்காரரே, எனக்கு ஒரு படம் வேணும். ஆனா ஆம்பளை துணிக்குள்ள தலைய உட்டுக்கிட்டு என்னைப் பாக்கறது எனக்கு ஒப்பாதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உங்கள் முகம் சிவந்தது. கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். நீங்களோ காமிராவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் துணியை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, என் தலையில் போட்டீர்கள்.

"நீ புடி, அம்மிணி."

"கெடுத்துப்போட்டா என்னங்க பண்றது?"

"கெட்டா இன்னொண்ணு புடிப்போம். படம் கழுவறவ நீ. எது நல்ல படம்னு என்னைவிட உனக்குத்தான் தெரியும்."

அந்த அம்மாள் அதற்குள் திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டார். "இது யாரூட்டு அரமனைங்க? நான் இதுலயா குடியிருக்கறேன்? என் மொளகுக் கொடிகிட்ட வந்து புடிங்க."

மறுநாள் அவருடைய மிளகுக் காட்டுக்கு நடந்தோம். அவரே நட்ட கொடி, பலா மரத்தைச் சுற்றி உச்சிவரை ஏறியிருந்தது. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் நின்றீர்கள். துணிக்குள், காமிராக் கண்ணாடியில், அவர் தலைகீழாகத் தெரிந்தார், பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு. "உங்க ஊட்டுல நிக்கற மாதிரி நில்லுங்கம்மா" என்றேன். ஒரு கையைக் கொடியில் வைத்தார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காமிராக் கண்ணின் மூடியைத் திறந்து மூடினேன்.

அடுத்த சந்தையில் நீங்கள் அரண்மனையைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்த ஒரே படத்தை மூங்கிலில் தொங்கவிட்டீர்கள். யாரையும் கூப்பிடவில்லை. "தெரிஞ்ச மூஞ்சி நமக்காகப் பேசும், பாரு" என்றீர்கள். பேசியது. "அட, இது நம்ம கொடிக்காரம்மா இல்ல?" என்று ஒரு குரல். அப்புறம் கூட்டம். ஒருவருக்குத் தன் காளையோடு நிற்க வேண்டும். ஒருத்திக்குத் தங்கையோடு, சேர்ந்து இடித்த தினை உரலுக்குப் பக்கத்தில். உச்சிவேளைக்குள் கையிலிருந்த தட்டுகளுக்கெல்லாம் ஆள் சேர்ந்துவிட்டது. மிச்சப் பேரின் ஊரையும் பேரையும் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாக நடந்தோம். கால் வலித்ததாகவே நினைவில்லை.

பேத்தி இப்போது கல்யாணப் படம் எடுக்கும் தொழில் தொடங்கியிருக்கிறாள். ஆள் வருவதற்கு என்ன செய்வது என்று கேட்டாள். உன் ஆசைத் திரையைச் சுருட்டி வை என்றேன். நிற்பவர் எதைப் பெருமையாக நினைக்கிறாரோ அதைக் கேட்டு அங்கே போய் எடு. எடுத்ததில் ஒன்றை அவர் ஊரார் கண்ணில் படும்படி மாட்டு என்றும் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் இதையே பாதிப் பேச்சில் சொல்லி முடித்திருப்பீர்கள்.

இரண்டு வருஷத்தில் கடைவீதியில் நமக்கென்று ஓர் இடம் வந்தது. பலகை எழுதுபவர், "யாரு பேருங்க எழுதோணும்?" என்று கேட்டார். நீங்கள் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னீர்கள்.

"ஊரே சிரிக்குமுங்க" என்றேன்.

"சிரிக்கட்டும். எல்லாரும் உன்னைக் கேட்டுத்தான வாராங்க? வர்றவங்க தேடற பேருதான் பலகையில இருக்கோணும்."

பெயிண்ட் காய்வதற்குள் என்னை அதன் கீழே நிறுத்திவிட்டு நீங்கள் துணிக்குள் புகுந்தீர்கள். கடைவீதி முழுக்க நின்று பார்த்தது. எனக்குக் கூச்சத்தில் தோள் ஒடுங்கியது. "நிமுந்து நில்லு அம்மிணி!" என்று உள்ளேயிருந்து அதட்டினீர்கள்.

நிமிர்ந்தேன். எண்பதைத் தாண்டியும் உங்கள் அம்மிணியின் முதுகு வளையவில்லைங்க. மருத்துவருக்கு அது ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு இல்லை.