பிழையில்லாத கையெழுத்து

என் பஞ்சு மாமாவுக்கு,

தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டாமலே சாப்பிட உட்காரும் உங்களுக்கு, உங்கள் மனைவி வணக்கத்தோடு எழுதுவது. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. குஷன் கடை பூட்டித்தான் கிடக்கிறது. பல் டாக்டர் வீட்டு சோபா பாதியில் நின்றதால் உறையை நானே தைத்துக் கொடுத்தேன். தையல் கோணல்தான், மேலே உட்கார்ந்துவிட்டால் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன்.

போன மாதம் கோர்ட் ஆள் வந்து நம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். வீட்டை அடமானம் வைத்து மெஷின் வாங்கினோமே, அந்தக் கடனுக்கு பேங்க் வழக்குப் போட்டு, போன வருடமே சமரசம் ஆகிவிட்டதாம். ஆறு மாதத்தில் கட்டாவிட்டால் மறுபேச்சில்லாமல் வீட்டை விட்டுவிடுகிறோம் என்று நாம் இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தோமாம். ஜட்ஜும் ஏற்றுக்கொண்டாராம். எனக்கு வழக்கு நடந்ததே தெரியாது.

மகள் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் கடன் பத்திரத்தையும் சமரசப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுல எதும்மா உங்க கையெழுத்து என்றார். என் பேரில் மழைக்கு வரும் ழ வரவேண்டிய இடத்தில் நான் பள்ளிக்கு வரும் ள தானே போடுவேன்? மற்ற வார்த்தைகளில் திருந்திய கை, என் பேரில் மட்டும் திருந்தவில்லை. உன் பேரையே கொலை பண்றியேடி என்று எத்தனை நாள் சிரித்திருக்கிறீர்கள். கடன் பத்திரத்தில் அந்தத் தப்பு அப்படியே இருக்கிறது. சமரசப் பத்திரத்தில் ழ அழகாகச் சுழிந்து நிற்கிறது. அது உங்கள் கை. வீட்டுக்குக் கொண்டுபோய் என்னிடம் வாங்கி வந்ததாகச் சொல்லி பேங்க் வக்கீலிடம் கொடுத்தீர்களாம்.

பாதி வீடு என் பேரில் இருப்பதால் சமரசத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறார் வக்கீலம்மா. ஆனால் கூண்டில் ஏறி, இது என் புருஷன் போட்ட கையெழுத்து என்று நானே சொல்ல வேண்டும்.

இது உங்கள் தங்கை காதுக்குப் போய், மறுநாளே வந்துவிட்டாள். செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லமாட்டான்னு தைரியமா அண்ணி, எங்க அண்ணனைக் கள்ளக் கையெழுத்துக்காரன் ஆக்கப் போறீங்களா என்று அழுதாள். மகள் விடவில்லை. உங்க அண்ணன் பேரு சுத்தமா இருக்கட்டும் அத்தை, நாங்க தெருவுல சுத்தமா நிக்கிறோம், சந்தோஷமா என்று கேட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோச்சு.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வழக்கம்போல தப்பாவே போடுங்கம்மா, திருத்திடாதீங்க என்றார் வக்கீலம்மா. அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை கூண்டில் ஏறுகிறேன். உங்கள் பேரைச் சொல்லத்தான் போகிறேன்.

ஒன்றை மட்டும் வக்கீலம்மாவிடம் நான் சொல்லவில்லை. அந்தப் பேப்பரை நீங்கள் என்னிடம் நீட்டியிருந்தால், படித்துக்கூடப் பார்க்காமல் போட்டிருப்பேன்.

மகள் மேல் கோபம் வேண்டாம், அவளை ஆசீர்வாதம் செய்யுங்கள். எங்கே இருந்தாலும் நிம்மதியாக இருங்கள். இப்படிக்கு என்று எழுதி முடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஏன் மாமா என்னிடம் கேட்கவில்லை?