கூடாரத்துக்கு ஒரு ரேடியோ

10.9.1977, சனி

திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டிப் பக்கம் நில அளவைக்குப் போகிறேன். ஒரு மாதம் கூடாரத்தில்தான் வாசம். கரண்ட் கிடையாது. துணைக்குப் பாட்டாவது இருக்கட்டும் என்று, சாயங்காலம் என் மனைவி வசந்தாவோடு ஆரணியில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பேட்டரியில் ஓடும் ஜப்பான் டேப்ரிக்கார்டர். மற்றது சின்ன டிரான்சிஸ்டர். எனக்கு டேப்தான் பிடித்தது. வேண்டிய பாட்டை வேண்டும்போது கேட்கலாம், கொரகொரப்பும் இல்லை. வசந்தாவிடம் பேச்சுக்குத்தான் கேட்டேன். ஆடியில் எங்கள் குழந்தை இறந்ததிலிருந்து அவள் எதற்கும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்கிறாள்.

இன்று அப்படிச் சொல்லவில்லை. டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்தாள்.

"இதையே வாங்குங்க."

"இதுல அவங்க போடற பாட்டைத்தானே கேக்கணும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். டேப்புன்னா நீங்க மட்டும் கேட்டுக்கினு இருப்பீங்க. ரேடியோன்னா, நானும் பக்கத்து ஊட்டு ரேடியோகிட்ட குந்திக்கினு அதே பாட்டைக் கேப்பேன்."

கடைக்காரர் பேட்டரி எடுக்க உள்ளே போய்விட்டார். நான் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் டிரான்சிஸ்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கூடாரத்துல கொசு கடிக்குமா?"

"நெறைய கடிக்கும்."

"வலை எடுத்து வெக்கிறேன்."

குழந்தை போன பிறகு அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.