விசிறி நிற்கும் வரை

இன்று காலை உங்கள் பழைய கம்ப்யூட்டரைக் கடைசியாக அணைத்தேன். திரை கறுத்துவிட்டது. பெட்டிக்குள் விசிறி மட்டும் நிற்கவில்லை. சூடேறிய தூசி வாசனை அறையெல்லாம் பரவியது, அதன் முன் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்த நாட்களைப்போல.

"அம்மா, ப்ளக்கைப் புடுங்கும்மா, ஜல்தி. பழைய சாமான் எடுக்கற கபாடிவாலா கீழ நிக்கறான்" என்றாள் நம் மகள். உங்கள் ஃபைல்களை அழித்துவிட்டுப் புது சிஸ்டம் ஏற்றியவளும் அவள்தான். அணைத்ததும் விசிறியும் நிற்பதற்காக நீங்கள் எழுதி வைத்திருந்த ஒரு வரியும் அதோடு போய்விட்டது.

அந்த வரிக்காக ஒரு ஞாயிறு முழுக்க மல்லாடினீர்கள். சோறு ஆறிப்போகிறது என்று நான் கத்த, நீங்கள் பாடம் எடுத்தீர்கள். "சிஸ்டம் எல்லாத்தையும் மூடும். ஆனா கரண்ட்டை வெட்ட அதுக்கு அதிகாரம் இல்ல. போர்டுலயே ஃபர்ம்வேர்னு ஒருத்தன் குடியிருக்கான். அவன் சொன்ன இடத்துல சீட்டு எழுதிப் போட்டுட்டு காத்திருக்கும். நம்ம ஆபீஸ் மாதிரிதான். இந்தப் பெட்டில இருக்கறவன் தப்பான இடத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கான்."

அதுவரை நம் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ப்ளக்கைத் தொடுமுன் பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். "காத்து வந்தா உள்ள இன்னும் ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்பீர்கள். நான் சிரிப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், மூளை நின்றுவிட்டது, மூச்சு மெஷினுடையது என்று. உங்கள் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாயில் குழாய், கை வைத்துப் பார்க்க இடமில்லை. பார்க்காமலே, மெஷினை நிறுத்தக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் சொன்னது சரிதான், எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களுக்குள் அடியில் யாரோ சம்மதிக்காமல் இருந்திருந்தால்? அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை.

இன்று அவசரப்படவில்லை. மகளை வெளியே அனுப்பிவிட்டு, வலது கையைப் பெட்டியின் பின்னால் வைத்தேன். காற்று வந்தது. உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. பிறகு இடது கையால் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

வயர் என் மடியில் கிடந்தது. காற்று உடனே நிற்கவில்லை. இளஞ்சூடாக, விட்டு விட்டு, மெல்ல மெல்லக் குறைந்தது.

பெட்டி போய்ச் சாயங்காலம் ஆகிவிட்டது. வலது உள்ளங்கையில் அந்தக் காற்று இன்னும் வருகிறது. மூடினால் நின்றுவிடுமோ என்று விரித்தே வைத்திருக்கிறேன். இதை இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.