மாடில்லாத வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர்

அத்தை,

இன்று காலை சோறு வடிக்கும்போது கஞ்சி வாசனையோடு இரத்த வாசனையும் சேர்ந்து வந்தது. கஞ்சி பானையிலிருந்து, இரத்தம் என் மூக்குக்குள்ளிருந்து. நேற்று உங்கள் மகன் என் முகத்தை வாசல் கம்பிக் கதவில் இழுத்து மோதிய இடம் இன்னும் கசிகிறது. இரண்டு வாசனையையும் தனித்தனியாகப் பிரித்தறிய முடிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மூக்கு திரும்பி வந்துவிட்டது. அதைக் கேட்க வேண்டிய நீங்கள் ஐப்பசி மழையோடு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்களிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் என் மூக்குதான் என்னைக் காப்பாற்றியது. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாராய வாடை கூடம் வரை வந்துவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். பிறகு விடாத சளி ஒன்று வந்தது. வருடக்கணக்கில் இருந்தது. மூக்கு அடைத்தே கிடந்தது. வாசனை எப்போது போனது என்று எனக்கே தெரியாது. பால் தீய்ந்தால் சளியைக் குறை சொன்னேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் அம்மோனியா வரும் குழாயை முகத்தருகே வைத்துவிட்டு, "என்ன உப்புன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்று பிள்ளைகளிடம் கேட்டுச் சமாளித்தேன். வேதியியல் டீச்சர் நம்மைச் சோதிக்கிறார் என்று அதுகள் நினைத்துக்கொண்டன.

அவன் குடித்து வந்தது தெரியாமல் ஒரு சாயங்காலம் தட்டை எடுத்துப்போய் முன்னால் வைத்தேன். குழம்புச் சட்டி சுவரில் போய் உடைந்தது. இடுப்பு பெல்ட்டை உருவி அவன் கை ஓயும் வரை அடித்தான். என் முதுகில் மருந்து தடவிக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள்.

"ஏத்தா, வாசல்ல வரையிலயே அந்த நாத்தம் அடிச்சுச்சே. தெரிஞ்சுக்கிட்டே ஏன் தட்டத் தூக்கிக்கிட்டுப் போன?"

"எனக்கு ஒண்ணும் தெரியலை அத்தை."

எழுந்து போனீர்கள். பானையிலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்து வந்து என் மூக்கடியில் நீட்டினீர்கள்.

"இது?"

"தெரியலை."

"கருவாடு தெரியலையா? அடிப் பாவி மகளே, இத்தன நாளா கண்ணக் கட்டிக்கிட்டா அவன்கூட குடும்பம் நடத்துன?"

மறுநாளிலிருந்து என் மூக்கு நீங்கள்தான். அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போவீர்கள். சாப்பாட்டுக் கேரியரை வாங்குவதுபோல் அவனை ஒட்டி நிற்பீர்கள். "என்னய்யா, இப்புடி வேர்த்துப் போயி வாரே" என்று முந்தானையால் நெற்றியைத் துடைத்து மோந்து பார்ப்பீர்கள். வாடை இருந்தால் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுப்பீர்கள்: "தாயி, மாட்டுக்குத் தண்ணி வச்சியா?" நம்மிடம் மாடு கிடையாது. இருந்த ஒரு கறவையை விற்று வெகுகாலமாகி, தொழுவத்தில் அவனுடைய பைக் நின்றுகொண்டிருந்தது. அந்தக் குரல் கேட்டதும் நானும் மகளும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே இருப்போம்.

ஒருநாள் அவனுக்கே சந்தேகம் வந்தது. "எந்த மாட்டுக்கும்மா தண்ணி?"

"பக்கத்து வீட்டு மாட்டுக்குடா. வாயில்லாத சீவன். அதுக்கு ஒன்ன மாதிரி கை நீட்டத் தெரியுமா?" என்றீர்கள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இந்த வீட்டில் நான் சிரித்தது பெரும்பாலும் உங்களால்தான்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அரியக்குடிப் பக்கம் மண் அள்ளும் வேலை முடிந்து, ஜேசிபியை அங்கேயே நிறுத்திவிட்டு மத்தியானம் வந்தான். நீங்கள் நெற்றியைத் துடைத்தீர்கள். கேரியரை வாங்கினீர்கள். குரல் கொடுக்கவில்லை. கேரியரைக் கூடத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனீர்கள். நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன், எழக்கூட இல்லை.

"போன எடுக்க மாட்டியா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

"கவனிக்கலைங்க. உள்ள கெடந்துச்சு."

கேரியரின் பிடியைப் பிடித்து ஒரே வீச்சு. மூக்கெலும்பு முறிந்த சத்தம் எனக்கு வெளியே கேட்கவில்லை, தலைக்குள் கேட்டது. விழுந்தவளின் வயிற்றில் உதைத்தான். முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொரு முறை அடித்தான். வாயெல்லாம் இரத்தம். பாதி பின்னிய சடையோடு மகள் மூலையில் நின்றாள், அழக்கூட இல்லை.

நீங்கள் கத்தவில்லை, அத்தை. அப்போதுதான் வடித்த கஞ்சியைப் பானையோடு கொண்டுவந்து அவன் நெஞ்சில் ஊற்றினீர்கள். சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்க்கப் போய்த் தோலும் கூடவே வந்தது. வெட்டுப்பட்ட ஆடு மாதிரி தரையில் கிடந்து துடித்தான். வெறும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றீர்கள்.

"பெத்தவ கையால வாங்கிக்க. இது எங்கப்பன் எனக்குக் குடுத்த வீடு. இனி இந்த வாசல மிதிச்சியன்னா அடுப்போட தூக்கி ஊத்துவேன். போ."

போனான். உங்கள் கண் மூடும் வரை வரவில்லை. சுடுகாடு வரை வந்து கொள்ளி வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான்.

பெற்ற பிள்ளைமேல் கொதிகஞ்சி ஊற்றியதற்காக நீங்கள் ஒருநாளும் வருந்தவில்லை. உங்களை அரித்தது வேறொன்று. "மோந்து பாத்தேன் தாயி. நல்லாத்தான் மோந்து பாத்தேன். ஒண்ணுமே அடிக்கலை. இந்தக் கெழட்டு மூக்கு ஏமாத்திருச்சு." சாப்பிடும்போது சொல்வீர்கள். டிவி பார்க்கும்போது திடீரென்று சொல்வீர்கள். வாடை வராத எதையோ குடித்திருப்பான், ஏதாவது மாத்திரை போட்டிருப்பான் என்று நானும் நம்பினேன். அவன் அடிப்பதென்றால் அதற்குள் குடி இருக்க வேண்டும் என்பது நம் இருவருக்குமே சூரியன் கிழக்கில் உதிப்பது போல.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதே கவலைதான். "நான் போயிட்டா ஒனக்கு யாரு மோந்து பாப்பா? டாக்டர்ட்டப் போயி மூக்க அறுத்துக்கிட்டு வா."

"மூக்கறுபட்டவன்னு ஊரு சிரிக்கும் அத்தை."

"சிரிக்கட்டும். இருக்குற மூக்க வச்சு என்னத்தக் கண்ட?"

உங்கள் முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் போனேன். காரைக்குடியிலேயே ஒரு பெண் மருத்துவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்து எலும்புக் குழிகளிலும் சதை அடைத்திருப்பதைக் காட்டினார். ஒவ்வாமையால் வளர்ந்த சதை, அடிபட்டதால் இல்லை என்றார். பிறகு விரலை நடுவில் வைத்தார். "எலும்பு ஒடைஞ்சு கோணலாக் கூடியிருக்கே. எப்ப?"

"படியில விழுந்தேன்."

அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

மயக்கம் தெளிந்தபோது மூக்கு இரண்டும் பஞ்சுத் திரியால் இறுக்கி அடைத்திருந்தது. வாயால்தான் மூச்சு. நாக்கு கட்டையாக உலர்ந்திருந்தது. தொண்டை வழியாக இறங்கிய இரத்தத்தை விழுங்கி விழுங்கி, கடைசியில் கறுப்பாக வாந்தி எடுத்தேன். மகள் தட்டைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். எடுத்த சதையைக் குப்பியில் காட்டினார்கள். தோல் உரித்த திராட்சை மாதிரி வெளிறி, கொழகொழவென்று. இதற்கா இத்தனை அடி வாங்கினோம் என்றிருந்தது.

திரியை உருவும் நாள்தான் மோசம். மருத்துவர் இடுக்கியோடு என் முகத்துக்கு நேராகக் கையைக் கொண்டுவந்தார். என்னைக் கேட்காமல் என் இரண்டு கையும் மேலே போய் முகத்தை மூடிக்கொண்டன. முழங்கால் வயிற்றை மறைத்துக்கொண்டது. நர்ஸ் விலக்கிப் பார்த்தார், முடியவில்லை. மருத்துவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"படிக்கட்டப் பாத்து யாரும் இப்படிப் பயப்பட மாட்டாங்கம்மா. யாரு?"

"வீட்டுக்காரர்."

"கூட இருக்காரா?"

"இல்லை. அத்தை வெரட்டி விட்டுட்டாக."

"நல்ல அத்தை" என்றவர், "இந்த மூக்குல இனி ஒரு அடி விழக்கூடாது. கையை இறக்குங்க. நான் சொல்லிட்டுத்தான் தொடுவேன்" என்றார். சொல்லிவிட்டுத்தான் தொட்டார். அப்படியும் மண்டைக்குள்ளிருந்து யாரோ கயிறு இழுப்பதுபோல் இருந்தது. திரி முடிவேனா என்றது. இரத்தம் மோவாயில் வழிந்தது. அதன் பின்னால் மூக்கு வழியாகக் காற்று போனது. சில்லென்று, நேராக. காற்று இப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் பீய்ச்சினால் மறு மூக்கில் பொருக்குப் பொருக்காக இரத்தக்கட்டி விழும். வாசனை மட்டும் வரவில்லை. மகள் தினமும் என் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டுவாள். காப்பித்தூள், சூடம், வெங்காயம். உங்கள் கருவாட்டையும் விடவில்லை. "அப்பத்தா இருந்தா உன்னைய ஃபெயில் ஆக்கியிருக்கும்" என்பாள். ஒருநாள் சோறு வடிக்கையில் வெதுவெதுவென்று ஏதோ முகத்தில் வந்து படிந்தது. ஆவி என்று நினைத்தேன். கஞ்சி வாசனை. அடுத்த வாரம் ஆய்வகத்தில் அம்மோனியா மூக்கில் அறைந்து நான் பின்னால் சாய்ந்தபோது, பிள்ளைகள் கைதட்டின.

நேற்றுக் காலை உங்கள் மகன் வந்தான். பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தான். காவி வேட்டி, நெற்றி நிறைய விபூதி. திறந்த மார்பில் துளசி மணிக்குக் கீழே நீங்கள் கஞ்சி ஊற்றிய தழும்பு. சாக்கோட்டையிலிருந்து உங்கள் மகளும் கூட வந்திருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நான்.

"சாமி வந்துருக்குத்தா" என்றார் மதினி. "அம்மா படத்துக்கு வெளக்கேத்திட்டு, பெறந்த வீட்டுல இருந்து நடக்கணும்ங்குது. மாலை போட்டவுகள வாசல்ல நிறுத்தி வச்சாப் பேசுவாக?"

"குடிய விட்டு ஆறு மாசமாச்சு" என்றான் அவன். "வேணும்னா மோந்து பாரு." போலீஸ்காரர் முன்னால் ஊதுவதுபோல் கம்பி இடைவெளியில் முகத்தை வைத்து ஊதினான்.

மோந்து பார்த்தேன், அத்தை. உங்களைப் போலவே நன்றாக மோந்து பார்த்தேன். விபூதி, சந்தனம், சோப்பு, விரதம் இருக்கும் வெறும் வயிற்றின் வாடை. சாராயம் இல்லை. துளிகூட இல்லை. உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. தொட்டுவிட்டு நின்றேன்.

"கொஞ்சம் இருங்க. பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"எங்க ஆத்தா வீட்டுக்குள்ள போக நான் யாரக் கேக்கணும்?" மெதுவாகத்தான் கேட்டான். அந்த மெதுவை எனக்குத் தெரியும். நகர்வதற்குள் அவன் கை கம்பிக்குள் வந்து என் பின்னலைப் பிடித்தது. முகம் கம்பியில் மோதியது. இரண்டாவது முறையும் மோதியது. கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. "விடுடா, மாலையப் போட்டுக்கிட்டு" என்று மதினி அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் விடவில்லை. என் இரத்தம் அவன் கைமேல் ஓடியது.

"அப்பா."

மகள் எனக்குப் பின்னால் நின்றாள். துணியைச் சுற்றிய கையில் கஞ்சிப் பானை. குரல் உங்கள் குரல்.

"மாட்டுக்குத் தண்ணி கொண்டாந்துருக்கேன்."

அவன் பானையைப் பார்த்தான். கை தானாக விட்டது, தழும்பை மூடிக்கொண்டு பின்னால் போனான். படி தட்டி விழப்போனான். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மதினி தலையைத் துணியால் மூடிக்கொண்டு அவனைத் தள்ளிக்கொண்டு போனார். கதவைப் பூட்டியதும் மகள் பானையைக் கீழே வைத்தாள். சிரித்தாள். "ஆறின கஞ்சிம்மா. நேத்து வடிச்சது."

மருத்துவரிடம் போனோம். எலும்பு தப்பித்தது என்றார். அங்கிருந்து மகளிர் காவல் நிலையம். புகாரை எழுதிக்கொண்ட போலீஸ் அம்மா கேட்டார்.

"குடிச்சிருந்தாரா?"

"இல்லை."

"குடிக்காமயா இந்த அடி?"

"ஆமா" என்றேன். "குடிக்காமத்தான்."

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. கையெழுத்துப் போட்டுப் பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் புரிந்தது. நீங்கள் அவன் நெற்றியைத் துடைத்தீர்கள். மோந்தீர்கள். ஒன்றும் அடிக்கவில்லை. ஏனென்றால் அன்று ஒன்றுமே இல்லை. அவன் குடித்திருக்கவில்லை. உங்கள் மூக்கு ஏமாற்றவில்லை, அத்தை. சாகும் வரை அதைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். அது உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறது. அவன் கையில் இருந்ததற்கு வாடை கிடையாது. நாம் இரண்டு பேரும் இத்தனை வருடம் தவறான இடத்தில் மோந்துகொண்டிருந்தோம்.

மதினி இன்று காலை போன் செய்தார். மலைக்குப் போய் வந்துவிட்டால் சரியாகிவிடுவானாம். போய் வரட்டும், கதவு திறக்காது என்றேன்.

இனி யாரையும் மோந்து பார்க்க மாட்டேன். மூக்கு காப்பிக்கும் கருவாட்டுக்கும் இருக்கட்டும். வாசலில் வந்து நிற்பவரின் கையைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று வடித்த கஞ்சியையும் கொட்டவில்லை. கதவோரமாக வைத்திருக்கிறேன்.