புதியதற்கு மட்டும் என் சம்மதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். என் முழங்கால் மட்டும் இந்தக் குடும்பத்தோடு ஒத்துப்போக மறுக்கிறது, அது யார் ஜாடை என்று அம்மா கேட்கிறாள். கண் அறுவைக்குப் பிறகு அவளுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கூரை மூலையில் இருக்கும் ஒட்டடையைக் காட்டி என்னை ஏணியில் ஏறச் சொல்கிறாள். பேத்திக்குப் பல் முளைப்பதால் தூங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். அவளை மடியில் வைத்துக்கொண்டே கணினியில் வேலை பார்க்காதே, முதுகு போய்விடும்.

போனில் பேசாமல் எழுதக் காரணம், போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். போன வருஷம் அப்படித்தான் ஆனது. தகடு வீணாகாமல் அதில் வெட்ட வேண்டிய துண்டுகளை அடுக்கிக் காட்டும் நம் மென்பொருளின் உரிமத்தை மாற்றப் போவதாகச் சொன்னாய். சிறு பட்டறைகளுக்கு எப்போதும்போல இலவசம், தங்கள் இயந்திரத்துக்குள் வைத்து விற்கும் கம்பெனிகள் மட்டும் வருடக் கட்டணம் கட்ட வேண்டும், அது அந்த மென்பொருளுக்கு உழைத்தவர்களுக்குப் போகும் என்றாய். ஒரு வரி எழுதியவர்கூட சம்மதிக்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அனுப்பிய அதே தாளை எனக்கும் அனுப்பினாய். நான் மறுத்தேன். தகட்டை உருட்டிச் செய்த திசையிலேயே மடிப்புக் கோடும் போனால் விளிம்பு வெடிக்கும், குறுக்கே போனால்தான் நிற்கும். அதைப் பார்த்துத் துண்டைத் திருப்பும் பகுதியை எழுதியவன் நான். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பட்டறைக்கு வந்த பழைய கணினியைப் பிரித்து மாட்டி நானே கற்றேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் கொடுத்தேன். கொடுத்ததற்குப் பின்னாலேயே போய்க் கைநீட்ட மாட்டேன் என்றேன். நீ விடவில்லை. "இயந்திரக் கம்பெனிக்காரன் நீங்க எழுதினதையே உங்க பட்டறையில கொண்டாந்து மாட்டிட்டு, ரிப்பேருக்கு வர்றதுக்கு உங்ககிட்டயே காசு கேட்டானே, அப்ப மட்டும் ஏம்ப்பா வீட்டையே ரெண்டாக்கினீங்க?" என்றாய். அது வேறு என்றேன். எப்படி வேறு என்று எனக்கும் விளங்கவில்லை, ஆனால் வேறுதான். என் பகுதியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு எழுதிக்கொள் என்று போனை வைத்துவிட்டேன்.

நீ அதையே செய்வாய் என்று நான் நினைக்கவில்லை. அம்மாவை விட்டுக் கெஞ்ச வைப்பாய், மாப்பிள்ளையைப் பேசச் சொல்வாய் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பாயோ அதை எனக்கும் செய்தாய். உங்கள் குழுவில் எறும்பு என்று கூப்பிடும் அந்தப் பெண், நான் எழுதியதை ஒருநாளும் திறந்து பார்க்காதவள், காப்பி அடித்ததாக யாரும் சொல்ல முடியாது என்பதால், அவளிடம் வேலை இன்னதென்று மட்டும் சொல்லிப் புதிதாக எழுத வைத்தாய். எனக்குக் கோபம் தாங்கவில்லை. பட்டறையை என்னிடம் வாங்கி நடத்தும் வெல்டர் புதியதைப் போட்ட அன்றே குறை கண்டுபிடிப்பதற்கென்று நொண்டிக்கொண்டு போனேன். திரையில் துண்டுகள் அடுக்கி முடிந்ததும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். நான் எழுதியதில் மிச்சத் தகடு கீற்றுக் கீற்றாக எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும். இவள் எழுதியதில் மிச்சமெல்லாம் ஒரே ஓரத்தில் சேர்ந்து, அடுத்த வேலைக்கு ஆகும்படி முழுசாக நின்றது. வெல்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, குறை கிடைக்கலையா, டீ சொல்லட்டுமா?" என்றான்.

குறையும் கிடைத்தது. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு மெருகு போட்ட தகட்டில் வெட்டியபோது சில துண்டுகளை அவளுடைய பகுதி கவிழ்த்துப் போட்டுவிட்டது, மடித்த பிறகு மெருகு உள்பக்கம் போய்விட்டது. காரசாரமாக ஒரு புகார் எழுதினேன். புகார்களுக்குப் பதில் எழுதும் ஆள், "கோபம் நியாயம்தான் ஐயா, தகட்டோட படம் ஒண்ணு அனுப்புங்க, கோபத்தை வெச்சு எங்களால சரிபண்ண முடியாது" என்று எழுதினான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எறும்பே பேசினாள். "நான் தகட்டைக் கையால தொட்டதே இல்லைங்க ஐயா, அதுக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் உண்டுன்னு தோணவே இல்ல, நீங்களே எழுதித் தர்றீங்களா?" என்றாள். மிச்சத்தை ஓரம் சேர்க்கும் யோசனை எப்படி வந்தது என்று கேட்டேன். "சம்பளம் வர ஆரம்பிச்சதும் சாயங்கால வேலையை விட்டுட்டேன் ஐயா, மாசக்கணக்கா இதையே யோசிச்சேன்" என்றாள். அன்று முழுக்க அந்தப் பேச்சு என் காதைவிட்டுப் போகவில்லை. நான் எழுதியது ஒரு ஆர்டருக்கும் அடுத்த ஆர்டருக்கும் நடுவில், ஆள் வந்து கூப்பிட்டால் பாதியில் எழுந்து போய்க்கொண்டு. உட்கார்ந்து யோசிக்க அவளுக்குக் கிடைத்த நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை, அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நீ போராடிக் கொண்டுவந்த உரிமத்துக்காகக் கம்பெனிகள் முன்கூட்டியே கட்டிய பணம்.

கவிழ்க்காமல் இருக்கும்படி நான் எழுதி அனுப்பினேன். துளை உள்ள துண்டுக்கு இது சரிவராது என்று திருப்பி அனுப்பினாள். சண்டை போட்டேன், அவள் சொன்னதுதான் சரி. திருத்தி அனுப்பி, அவள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் உரிமத்துக்குச் சம்மதம் தெரிவிக்கும் இடம் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு உன் உரிமத்தை வரி வரியாகப் படித்தேன், எங்காவது மடக்கலாம் என்றுதான். புகாருக்குப் பதில் எழுதுகிறவனுக்கும் கையேடு எழுதுகிறவருக்கும் பங்கு என்ற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அந்த ஆள் இல்லாவிட்டால் என் புகார் வெறும் வசவாகப் போயிருக்கும் என்று நினைவு வந்தது, விட்டுவிட்டேன். நல்ல வேலை செய்திருக்கிறாய் மகளே. இதை அம்மாவிடம் சொன்னேன், அதை உன்னிடம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. அது புதியதற்கு மட்டும்தான். பழைய பகுதி நான் கொடுத்தபடியே எல்லோருக்கும் இலவசமாகவே கிடக்கும், அதில் பேச்சே கிடையாது. வேலைக்கு நடுவில் ஒரு வாய் சாப்பிடு, மாப்பிள்ளையையும் அடுப்பங்கரைக்கு அனுப்பு. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, என் பங்குக்கு வருவதை அம்மா கணக்கில் போட்டு என்னைச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. உழைத்தவன் நான், என் பெயருக்கே அனுப்பு.

இப்படிக்கு,
உழைத்தவர்கள் பட்டியலில் எறும்புக்கு அடுத்த வரியில் பெயர் போட வேண்டிய
உன் அப்பா