நிறுத்திவைத்த ஆட்டம்

ஜூன் 4, செவ்வாய்

பதினேழு வயதுப் பெண், தன் அம்மாவிடம் சொல்லாததை அடுத்த தெரு ஆன்ட்டியிடம் ஏன் சொல்கிறாள்?

இன்று இந்தியக் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது வான்மதி பின்னால் வந்து நின்றாள். "அக்கா, ஜெஸ்மிக்கு டார்ம் ரூம் கெடச்சிருச்சாமே! காலைல மெசேஜ் பண்ணுனா. எனக்கு ஒரே சந்தோசமுங்க" என்றாள். எனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். தெரியாது. என் மகளுக்கு டல்லாஸ் பக்கத்துக் கல்லூரியில் விடுதி அறை கிடைத்த செய்தியைக் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் நின்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஜெஸ்மியிடம் கேட்டேன். "ஓ. ஐ வாஸ் கோயிங் டு டெல் யூ" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் ஜெஸ்மி உடை மாற்றிக்கொண்டு வான்மதி வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் அந்தப் புத்தக வேலை.

எங்கள் ரவுண்ட் ராக் பக்கத்தில் ஹெரான்ஸ் என்று ஒரு சின்ன லீக் பேஸ்பால் அணி இருக்கிறது. இது அதன் இருபத்தைந்தாவது சீசன். அணியின் வரலாறும் சாதனைகளும் ஒரு புத்தகமாக வரப்போகிறது. தொகுப்பவர்கள் வான்மதியும் ஜெஸ்மியும். வான்மதி சான் ஹோசேயிலிருந்து இரண்டு வருடம் முன்பு வந்தவள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி, நாற்பது வயது, விவாகரத்தானவள், பிள்ளை இல்லை. ஆட்ட நாட்களில் மைதானத்தில் ஸ்கோர் எழுத உதவுகிறாள். ஜெஸ்மிக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

புள்ளியியலில் முதுகலை படித்தவள் நான். வேலையும் அதிலேதான். இந்த வீட்டில் எண்களைப் பற்றி என்னிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

என் கணவர் கிருபை சோபாவில் படுத்தபடி கேட்டார்: "எதுக்குட்டி மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? பொறாமையா?"

"எனக்கென்ன பொறாமை."

"பின்ன அந்தக் குக்கர் மூடிய எதுக்கு அந்தப் போடு போடுக?"

ஜூன் 13, வியாழன்

ஜெஸ்மி சாப்பாட்டு மேசையில் இருபது நிமிடம் பேசினாள். போனில், வான்மதியோடு.

ஜூன் 16, ஞாயிறு

ஹெரான்ஸில் ஓர்ட்டேகா என்று ஓர் இளைஞன் இருக்கிறான். ஆட்டத்துக்கு ஒரு ஹிட்டாவது, அதாவது அவுட் ஆகாமல் ஓடிச் சேரும் ஓர் அடியாவது, அடித்துவிடுகிறானாம். தொடர்ந்து எத்தனை ஆட்டங்களில் அப்படி ஒருவன் அடிக்கிறான் என்பது ஒரு பெரிய கணக்கு. இந்த அணியில் அந்தச் சாதனை டேரல் விட்லாக் என்ற பழைய ஆட்டக்காரரிடம் இருக்கிறது. இருபத்தாறு ஆட்டம், 2009இல். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது வான்மதியும் ஜெஸ்மியும்தான். அதற்கு முன் அணிக்கே சரியாகத் தெரியாதாம். ஓர்ட்டேகா இப்படியே போனால் வரும் சனிக்கிழமை உள்ளூரில் அதை முறியடிப்பான். விட்லாக்கையே வரவழைத்து, அவர் கையால் ஒரு மட்டையைக் கொடுக்கச் சொல்லப்போகிறார்கள். பெரிய திரையில் வான்மதி, ஜெஸ்மி இருவர் பெயரும் வரும்.

"வி'ல் பீ ஆன் தி பிக் ஸ்க்ரீன், அம்மா!" என்னிடமே சொன்னாள், வீட்டுக்குள் நுழைந்ததும். நல்லது மக்ளே என்றேன். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 20, வியாழன்

புத்தகத்தின் அச்சுப்பிரதி மேசையில் கிடந்தது. வேண்டுமென்று எடுக்கவில்லை. சரி, வேண்டுமென்றுதான் எடுத்தேன்.

2009 ஜூன் மாதத்தில் ஓர் ஆட்டம் குறைகிறது. மற்ற வருடங்களோடு ஒப்பிட்டால் கண்ணில் படும், ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு. நூலகத்தின் பழைய செய்தித்தாள் பக்கங்களைக் கணினியில் தேடினேன். அபிலீன் அணியோடு ஆட்டம், மூன்றாவது இன்னிங்ஸில் மழை. அப்படியே நிறுத்திவைத்து, ஆகஸ்டில் அதே இடத்திலிருந்து தொடர்ந்து முடித்திருக்கிறார்கள். விட்லாக் ஜூனில் ஒன்றும் அடிக்கவில்லை. ஆகஸ்டில் தொடர்ந்தபோது ஒரு ஹிட் அடித்தார். இவர்கள் அந்த ஆட்டத்தை ஆகஸ்ட் கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

விதிப்புத்தகத்தைப் படித்தேன். நிறுத்திவைத்த ஆட்டம் எப்போது முடிந்தாலும், தொடங்கிய நாளின் கணக்கில்தான் சேரும். ஆகஸ்டில் அடித்தது ஜூனில் அடித்ததாகவே பதிவாகும். அணியில் அப்போது இல்லாத ஒருவன் பிறகு வந்து ஆடினாலும், அவன் வருவதற்கு முந்தைய நாளில் ஆடியதாகப் பதிவு இருக்கும். விநோதமான விதி. நானாக இருந்தாலும் ஆகஸ்டில்தான் போட்டிருப்பேன். ஆனால் நான் போடவில்லையே. வான்மதியல்லவா போட்டாள்.

அந்த ஜூன் நாள் விட்லாக்கின் தொடருக்கு நடுவில் வருகிறது; ஆக அவர் சாதனை இருபத்தாறு அல்ல, இருபத்தேழு. ஓர்ட்டேகா இன்று இருபத்தாறைத் தொட்டுவிட்டான். நாளை ஆட்டம் இல்லை; சனிக்கிழமை அடித்தால் அது முறியடிப்பு இல்லை, சமன் மட்டும்தான். மட்டை, பெரிய திரை, எல்லாம் ஓர் ஆட்டம் முன்கூட்டி.

சொல்ல வேண்டும். யாரிடம், எப்படி — வான்மதியைக் கூப்பிட்டால் முடிந்தது. அடுத்த தெருதான்.

எனக்கு ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது?

ஜூன் 21, வெள்ளி

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு வான்மதியைக் கிருபைதான் அழைத்திருந்தார். அவருடைய ஆபீஸ் நண்பர் செல்வராஜும் மனைவியும் வந்திருந்தார்கள். பகல் முழுக்கப் போன் என் கையில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. மீன் குழம்பு நன்றாக வந்திருந்தது.

சாப்பிட்ட பிறகு ஜெஸ்மி அச்சுப்பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். செல்வராஜ் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அஞ்சு நாள் கிரிக்கெட்ல கூட இவ்வளவு கணக்கு கெடையாதே! துப்புனா கூட எழுதி வைப்பாங்க போல." எல்லோரும் சிரித்தார்கள். வான்மதி, "துப்பறதுக்கு மட்டும் இன்னும் ரெக்கார்டு இல்லீங்ணா" என்றாள். ஜெஸ்மி அவள் தோளில் தலைசாய்த்துச் சிரித்தாள்.

அந்தத் தலைதான். அதைப் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது.

"வான்மதி, 2009 ஜூன்ல ஒரு ஆட்டம் விட்டுப்போயிருக்கே. பாத்தீங்களா?"

மிகவும் மரியாதையாகத்தான் சொன்னேன். விதியைச் சொன்னேன், செய்தித்தாள் பக்கத்தைப் போனில் காட்டினேன். எல்லாம் தயாராக வைத்திருந்தேன். செல்வராஜின் மனைவி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

வான்மதி இரண்டு முறை படித்தாள். முகம் சிவந்தது. "ஆமாங்க்கா. தப்பு என்னோடதுதானுங்க. நல்லவேளை, இன்னைக்கே சொன்னீங்க" என்றாள்.

"நோ." ஜெஸ்மி எழுந்துவிட்டாள். "2009 நான் பண்ணது. ஆன்ட்டி டிட்'ன்ட் ஈவன் டச் தட் இயர்."

"நான் செக் பண்ணிருக்கோணும்ல கண்ணு? விடு."

நான் வான்மதிக்காக வைத்திருந்த கல் என் பெண்மேல் விழுந்தது. வான்மதி நடுவில் கையை நீட்டி அதைப் பிடித்தாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. நானல்லவா நீட்டியிருக்க வேண்டும்?

அவர்கள் போன பிறகு ஜெஸ்மி மாடிப்படியில் நின்று சொன்னாள்: "வென் யூ தாட் இட் வாஸ் ஹெர்ஸ், யூ வேர் ஹாப்பி, அம்மா. ஐ சா யுவர் ஃபேஸ்."

"ஜெஸ்மி, நான் சொல்லுகத கொஞ்சம் —"

"நாட் நவ்." கதவு மூடிக்கொண்டது.

பாத்திரங்களைக் கிருபையே கழுவினார். அவர் பேசாமல் பாத்திரம் கழுவினால் எனக்குப் பயம்.

ஆகஸ்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள். இந்த முகத்தோடுதான் போவாளா? என்ன செய்து வச்சிருக்கேன் நான்.

ஜூன் 21, வெள்ளி — தொடர்ச்சி

எழுதுவது சனிக்கிழமை. ஆனாலும் இது வெள்ளிக்கிழமையின் கணக்கில்தான் சேர வேண்டும்.

காலையில் ஜெஸ்மி சமையலறைக்கு வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். "வேர் டிட் வீ ஸ்டாப்?" என்றாள்.

"நான் சந்தோஷப்பட்டேன்னு சொன்ன."

"வேர் யூ?"

"ஆமா மக்ளே. கொஞ்ச நேரம்."

அவள் மேசை விளிம்பிலிருந்து இறங்கினாள். "ஓகே" என்றாள். பிறகு, "நேத்து வச்ச மீன் கொழம்பு இருக்கா?" என்று தமிழில் கேட்டாள். காலை எட்டு மணிக்கு இட்லிக்கு மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள்.

இரவே அவள் அணியின் அலுவலகத்துக்கு எழுதிவிட்டாளாம், தவறு தன்னுடையது என்று. வான்மதியும் எழுதியிருக்கிறாள், தவறு தன்னுடையது என்று. ஒரு தவறுக்கு இரண்டு பேர் சண்டை போடுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அங்கிருந்து பதில் வந்திருக்கிறது. திரையில் எண்ணைத் திருத்திவிட்டார்கள்.

மாலை நானும் போனேன். யாரும் அழைக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜெஸ்மி தடுக்கவில்லை. நல்ல வெயில். ஓர்ட்டேகா முதல் மூன்று முறையும் அவுட். நான்காவது முறை அவன் வரும்போது ஜெஸ்மி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். போகும்போது ஸ்கோர் அட்டையையும் பென்சிலையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். எனக்கு எழுதத் தெரியாது. வான்மதி விரலால் கட்டத்தைக் காட்டினாள். "இங்கீங்க்கா." ஓர்ட்டேகா உயரமாக அடித்தான், பிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான். இருபத்தாறோடு நின்றது. முறியடிப்பும் இல்லை, சமனும் இல்லை. மட்டை பெட்டிக்குள் திரும்பிப் போனது. திரையில் யார் பெயரும் வரவில்லை. விட்லாக் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். இருபத்தேழு என்று அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள் போல, சிரித்த முகமாக இருந்தார்.

அட்டையைப் பார்த்தபடியே வான்மதி சொன்னாள்: "ஆகஸ்ட்ல இவ போயிருவா. எனக்குந்தான் ஒரு மாதிரி இருக்குதுங்க்கா."

எனக்கும் என்று சொல்லவில்லை. கொண்டுபோயிருந்த முறுக்கு டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

பொறாமை போய்விட்டதா? இல்லை. கிளம்பும்போது ஜெஸ்மி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் கார் சாவியைத் தேடுவதுபோல நின்றேன். சாவி கையில்தான் இருந்தது.

திரும்பும்போது ஜெஸ்மி முன் சீட்டில் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்னால்தான், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு. டோல்வேயில் ஏறியதும் சொன்னாள்: "ஐ காட் மை ரூம்மேட். அனபெல். ஹூஸ்டன் பொண்ணு. ஷீ ஸ்நோர்ஸ், ஷீ வார்ன்ட் மீ."

"ம்" என்றேன்.

"மதி ஆன்ட்டிக்கு இன்னும் சொல்லல."

சிக்னல் போடாமல் லேன் மாறிவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.